முழுப்பரீட்சை லீவுக்கு முன்னாடி பெத்தவங்களுக்கு குடுக்குற நோட்டீஸ்ல என்ன எழுதலாம்?

ஒன்னாங்கிளாஸ் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. தருமபுரி மாவட்டத்துல சின்ன ஊரு எங்களது. ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி, மொத்தம் 38 பிள்ளைங்க, ரெண்டு டீச்சர். சின்னவ அங்கதான் ஒன்னாவது படிக்கிறா, நான் பள்ளி மேலாண்மைக் குழு தலைவியா இருக்கேன். இந்த மாசத்தோட பள்ளிக்கூடம் முடியுது, இனி ஜூன்லதான் திறப்பாங்க. வருசக் கடைசில ஒரு பக்கத்துக்கு நோட்டீஸ் அடிச்சு எல்லா வீட்டுக்கும் குடுக்கலாம்னு டீச்சர் சொன்னாங்க, என்னையே எழுதவும் சொல்லிட்டாங்க.

நல்ல சேதி நெறைய இருக்குங்க. மூணாவது பிள்ளைங்க பூரா இப்ப பஸ்ஸு போர்டு, பேப்பர் தலைப்பு எல்லாம் எழுத்து கூட்டாம படிக்குதுங்க, சின்ன கிளாஸ் பிள்ளைங்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித் தர்ற எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தப்ப இதெல்லாம் நடக்குமான்னு நெனச்சவ நான். காலை சாப்பாடு வந்ததுல இருந்து பிரேயர்ல ஒரு பிள்ளை கூட தலை சுத்தி உக்காரல. ஆண்டு விழாவுல ரெண்டாவது பையன் ஒருத்தன் மைக்கப் புடிச்சி பத்து குறள் சொன்னான், அவங்க பாட்டி முன்னாடி வரிசையில உக்காந்து அழுதுட்டாங்க. இதெல்லாம் எழுதிடுவேன்.

ஆனா ஒன்னு மனசுல கெடந்து உறுத்துதுங்க. போன வருசம் அஞ்சாவது முடிச்ச ஒரு பொண்ணு, நல்லா படிக்கும், ஏப்ரல்ல டிசி குடுத்தாச்சு, நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்குற உயர்நிலைப் பள்ளியில சேந்திருப்பான்னு நாங்க நெனச்சோம், அந்தப் பள்ளிக்காரங்க எங்க கிட்டயே இன்னும் படிக்குதுன்னு நெனச்சாங்களோ என்னவோ, யாரும் கேக்கல. ஆகஸ்ட்ல வேற ஒரு வேலையா அவங்க வீட்டுக்குப் போனேன். செவுத்துல ஆணியில ஒரு மஞ்சப்பை மாட்டியிருந்துச்சு, பாட்டி ரேஷன் கார்டு எடுக்கறதுக்கு அதைக் கொட்டுனாங்க, கூடவே அவ டிசியும் விழுந்துச்சு. மடிச்ச மடிப்பு கலையல. பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போன அத்தைக்கு கைக்குழந்தை பாத்துக்க ஆளில்லன்னு லீவுல அனுப்பி வெச்சிருக்காங்க, லீவு முடிஞ்சும் அவ அங்கயே இருந்துட்டா. நானும் டீச்சரும் போன் மேல போன் போட்டு செப்டம்பர்லதான் கூட்டிட்டு வந்து சேத்தோம்.

இந்த வருசம் அஞ்சாவது ஏழு பேரு. நோட்டீஸ்ல இதை எப்படி எழுதறது, எழுதுனா மட்டும் போதுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரிட்டயர்டு எச்.எம்:

அம்மா, நீங்க கேட்டது ரொம்ப சரியான கேள்வி. முப்பது வருசம் தொடக்கப் பள்ளியில இருந்தவன் சொல்றேன், பிள்ளைங்க பள்ளிக்கூடத்த விட்டு நிக்கிறது பெரும்பாலும் வருசத்துக்கு நடுவுல இல்ல, இந்த அஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவுல இருக்குற லீவுலதான். பழைய பள்ளி பேரை எடுத்துடும், புதுப் பள்ளி பேரு எழுதியிருக்காது, அந்த ரெண்டு மாசம் பிள்ளை யாரோட கணக்குலயும் இருக்காது. எமிஸ்ல, அதான் பிள்ளைங்க விவரம் ஏத்துற கம்ப்யூட்டர் பதிவுல, டிசி போட்டதும் பேரு காமன் பூல்ங்கிற பொதுப் பட்டியலுக்குப் போயிடும், அங்கயிருந்து புது எச்.எம் எடுத்தாத்தான் அவங்க பள்ளிப் பேரேட்டுல ஏறும். எடுத்தாச்சா எடுக்கலயான்னு உங்க டீச்சரே அந்தப் பள்ளிக்கு போன் போட்டு ஒவ்வொரு பேரா கேக்கணும். ஜூன் ரெண்டாவது வாரத்துல ஒரு தடவை, கடைசில ஒரு தடவை.

நான் என்ன பண்ணுவேன்னா டிசிய வீட்டுக்குக் குடுத்து விட மாட்டேன். ஏப்ரல் கடைசில ஒரு நாள் அஞ்சாவது பிள்ளைங்களையும் அவங்க அம்மாக்களையும் கூட்டிட்டு நேரா அந்தப் பள்ளிக்குப் போயிடுவேன், அங்க எச்.எம் கிட்ட கையில குடுத்து சேர்க்கைப் படிவம் எழுதிட்டுத்தான் வர்றது. பிள்ளைங்க புது கிளாஸ்ரூம பாக்கும், பாத்ரூம் எங்க இருக்கு தண்ணி எங்க புடிக்கிறதுன்னு தெரிஞ்சுக்கும், பயம் பாதி போயிடும்.

இன்னொன்னு, டிசி தொலைஞ்சு போச்சு, லேட்டாயிடுச்சுன்னு யாராவது சேக்க மாட்டேன்னு சொன்னா கேக்காதீங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல தெளிவா இருக்கு, டிசி தாமதமாகுதுன்னு சேர்க்கைய மறுக்கக் கூடாது, நடுவுல நின்ன பிள்ளைய வயசுக்கு ஏத்த கிளாஸ்ல சேத்துக்கணும்.

கிருஷ்ணகிரி அக்கா:

தங்கச்சி, நோட்டீஸ் நல்லதுதான், ஆனா எங்க ஊர்ல அத யாரு படிக்கிறா சொல்லு. போன் அப்பன் கையில இருக்கும், வாட்ஸ்அப் குரூப்புல டீச்சர் போடறது அம்மாவுக்குப் போய்ச் சேராது. நாங்க என்ன பண்ணுனோம்னா நூறு நாள் வேலை நடக்குற எடத்துக்கே போயிட்டோம். மத்தியானம் மரத்தடியில சோத்துப் போசிய தொறந்து எல்லாரும் ஒன்னா உக்காந்திருப்பாங்க, அங்க படிச்சுக் காட்டுனா பத்து நிமிசத்துல முக்காவாசி வீட்டுக்குச் சேதி போயிடுச்சு, சந்தேகமும் அங்கயே கேட்டுட்டாங்க.

அதுல ஒரு அம்மா கேட்டதுதான் எனக்கு இன்னும் மறக்கல. இங்க காலைல சாப்பாடு போடறாங்க, ஆறாவதுக்கு அங்க உண்டான்னு கேட்டாங்க. காலை உணவு அஞ்சாவது வரைக்கும்தானே, மத்தியான சத்துணவுதான் அங்க. நான் விடியக்காலம் வேலைக்குப் போயிட்டா பிள்ளை வெறும் வயித்தோட பஸ் ஏறுமேன்னு சொன்னாங்க. அதனால எழுதறப்ப உள்ளத உள்ளபடி சொல்லிடு, காலைல களியோ பழையதோ ஏதோ ஒன்னு குடுத்து அனுப்புங்கன்னு. போய்ப் பாத்து ஏமாந்தா ரெண்டு நாள்ல நின்னுடும்ங்க பிள்ளைங்க.

அப்புறம் புதுமைப் பெண் திட்டத்தப் பத்தி கட்டாயம் எழுது. காலேஜ் போற பொண்ணுக்கு மாசம் 1,000 ரூபா வருதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிச்ச பள்ளிக்கூடத்த வெச்சுத்தான் அது கிடைக்கும்னு நெறைய பேருக்குத் தெரியல. எங்க அண்ணன் பொண்ணு ஆறாவது ஏழாவது பிரைவேட்ல படிச்சிட்டு அப்புறம் கவர்ன்மெண்ட் ஸ்கூலுக்கு வந்தா, மார்க்கெல்லாம் நல்லாத்தான் வாங்குனா, அந்தப் பணம் கிடைக்கல. பசங்களுக்கு தமிழ்ப் புதல்வனும் அப்படித்தான். மெடிக்கல் சீட்டுல அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு 7.5 சதவீதம் தர்றாங்களே, அதுக்கும் ஆறாவதுல இருந்துதான் பாக்கறாங்க. அதனால இந்த ஜூன் மாசம் பேரு எழுதறதுதான்மா எல்லாத்துக்கும் தொடக்கம்.

லைப்ரரி தம்பி:

அக்கா, நான் காலேஜ் ரெண்டாவது வருசம், எங்க தெருவுல இல்லம் தேடிக் கல்வி சாயந்திர வகுப்பு நடத்துனப்ப தன்னார்வலரா இருந்தேன். மூணாவது பிள்ளைங்க படிக்குதுன்னு சந்தோசமா எழுதியிருக்கீங்க, ரெண்டு மாசம் கையில புத்தகம் இல்லாம விட்டா ஜூன்ல மறுபடி எழுத்து கூட்டும், நான் கண்ணால பாத்திருக்கேன். பீரோவுல பூட்டி வெச்சிருக்குற புத்தகத்த வெளிய எடுங்க. வாசிப்பு இயக்கத்துல வந்த சின்னச் சின்ன புத்தகம் இருக்கும், நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா, அது இல்லன்னா பழைய ஊஞ்சல் இதழ் இருக்கும். ஆளுக்கு ரெண்டு குடுத்து விட்டு வாரத்துக்கு ஒரு நாள் சாயந்திரம் கோயில் திண்ணையில மாத்திக்கச் சொல்லுங்க. கிழிஞ்சு வந்தா திட்டாதீங்க, எங்க தெருவுல கிழிஞ்சு வந்த புத்தகம்தான் அதிகமா படிச்ச புத்தகம்.

புளி சீசன் வேற இப்ப. எங்க வீட்டுலயும் மூட்டை மூட்டையா வந்திருக்கு, அம்மா கூட உக்காந்து பிள்ளைங்களும் கொட்டை எடுக்குது, விரலெல்லாம் கருப்பா ஒட்டிக்கும். அந்த நேரத்துல ஒரு பிள்ளை சத்தமா கதை படிக்க மத்தவங்க கேட்டுட்டே வேலை பாக்கறாங்க, நாங்க இப்படித்தான் ஆரம்பிச்சோம்.

நாலாங்கிளாஸ் டீச்சர்:

எல்லாரும் நல்லா சொல்லியிருக்கீங்க. நான் ரெண்டு விசயம் மட்டும் சேக்குறேன். ஒன்னு தண்ணி. லீவுல பிள்ளைங்க கெணத்துக்கும் ஏரிக்கும் போகும், ஒகேனக்கல் பக்கம் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா ஆத்துக்குப் போகும், மேல அமைதியா தெரியும், உள்ள சுழி இருக்கும். பெரியவங்க துணை இல்லாம தண்ணில எறங்கக் கூடாதுன்னு நோட்டீஸ்ல பெரிய எழுத்துல போடுங்க, பிள்ளைங்க கிட்டயும் கிளாஸ்ல தனியா சொல்லுங்க.

ரெண்டாவது, ஒவ்வொரு வீட்டுலயும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க, மே மாசம் பிள்ளை எங்க இருக்கும்? செங்கல் சூளைக்குப் போற வீடு, பெங்களூர் போற வீடு எதுன்னு அப்பவே தெரிஞ்சிடும். அங்க யாரு போன் நம்பருக்குப் பேசறதுன்னு கேட்டு ஒரு நோட்டுல எழுதி வையுங்க. 14 வயசுக்குள்ள பிள்ளைய வேலைக்கு வெக்கிறது குத்தம்னு சொல்றதும் சொல்லுங்க, ஆனா மொதல்ல அதை எடுத்தா வீட்டுல பேச்சு நின்னுடும், பக்குவமாத்தான் போகணும். 18 வயசு ஆகாத பெரிய அக்காமாருங்களுக்கு லீவுல கல்யாணப் பேச்சு நடக்குதுன்னு காதுல விழுந்தா மட்டும் தயங்காம குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணுங்க.

ஒன்னாங்கிளாஸ் அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சார் சொன்ன மாதிரியே பண்ணிட்டோம். நேத்து காலைல டீச்சர் டிசிய ஒரு பைல்ல போட்டு எடுத்துட்டு வந்தாங்க, டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு இல்லாததால அம்மாக்களும் வேலைய ஒரு நாள் விட்டுட்டு வந்துட்டாங்க. ஆறு பிள்ளைங்களுக்கு பேரு எழுதியாச்சு. அங்க இருக்குற எச்.எம் மேடம் ஆறாவது கிளாஸ்ரூம தொறந்து காட்டுனாங்க, போன வருசத்துப் பொண்ணுதான் எங்க பிள்ளைங்க கையப் புடிச்சு பம்பு, கிரவுண்டு, சத்துணவுக் கூடம்னு ஒவ்வொன்னா கூட்டிட்டுப் போனா.

ஏழு பேருல மீதி ஒரு பையன் மட்டும் வரல. அவங்க அம்மா அப்பா பொங்கல் முடிஞ்சதுமே செங்கல்பட்டு பக்கம் சூளைக்குப் போயிட்டாங்க, இவன் தாத்தா கூட இருந்து படிக்கிறான், தாத்தாவுக்கு மேலுக்கு முடியல. பள்ளிக்கூடம் முடிஞ்ச மறுநாளே அம்மா வந்து கூட்டிட்டுப் போறதா இருக்காங்களாம். சூளையில இருக்குற மேஸ்திரி நம்பர் வாங்கி டீச்சர் நோட்டுல எழுதிட்டோம், அவங்க அம்மா ஊருக்கு வர்ற அன்னிக்கே பிடிச்சு நானும் டீச்சரும் அவங்களயும் அவனயும் பஸ் ஏத்தி கூட்டிட்டுப் போய் பேரு எழுதிடலாம்னு இருக்கோம்.

நோட்டீஸும் அடிச்சாச்சு. மொத வரி, "ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்குற அன்னிக்கு உங்க பிள்ளை எங்க இருக்கும்னு எங்களுக்குச் சொல்லிட்டுப் போங்க." குறள் சொன்ன பையன் சேதி ரெண்டாவது வரில இருக்கு. திங்கக்கிழமை ஏரி வேலை நடக்குற எடத்துல படிச்சுக் காட்டப் போறேன்.