ஹீலியம்–கட்மியம் லேசரின் வலு குறைந்துவிட்டது: உதவி தேவை

கேள்வி (மட்டக்களப்பு):
வணக்கம். ஹோலோகிராம் (முப்பரிமாண ஒளிப்படம்) பதிவுக்காக எங்கள் ஆய்வுகூடத்தில் வைத்திருக்கும் ஹீலியம்–கட்மியம் லேசர், 441.6 நனோமீற்றர் நீல ஒளியை முன்பு 20 மில்லிவாற்று வலுவில் தந்தது. இப்போது 7 ஐத் தாண்டுவதில்லை. சென்ற வாரம் லேசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று முறை மின்சாரம் நின்றது. ஆடிகளைச் சீர்செய்தும் பயனில்லை. குழாயில் ஆவியாகி ஒளிதரும் கட்மிய உலோகம் தீர்ந்துவிட்டதா?

பதில் (சம்மாந்துறை):
தீர்ந்திருக்கலாம். குழாய் பழையதென்றால் ஹீலியமும் கண்ணாடியூடாகக் கசிந்து குறைந்திருக்கும்.

பதில் (கல்முனை):
அவசரப்பட்டுக் குழாயைக் கைவிடாதீர்கள் தம்பி. ஹீலிய அணுவை அயனாக்க, அதாவது அதிலிருந்து ஓர் இலத்திரனைப் பிரிக்க, 24.6 இலத்திரன்வோல்ற்றுச் சக்தி வேண்டும், கட்மியத்துக்கு 9 போதும். ஆகவே கட்மியத்தை ஆவியாக்கும் சூடாக்கி வேலைசெய்து, எளிதில் அயனாகும் அந்த ஆவி கலந்ததும் குழாயின் வோல்ற்றளவு இறங்கவேண்டும், இளஞ்சிவப்பு ஒளிர்வும் நீலமாக மாறவேண்டும். இவை இரண்டும் பழையபடி நடக்கின்றனவா?

கேள்வி கேட்டவர்:
நடக்கின்றன ஐயா. வோல்ற்றளவு குறிப்பேட்டில் உள்ளதுபோலவே இருக்கிறது.

பதில் (கல்முனை):
அப்படியானால் ஆவியிலும் வாயுவிலும் குறையில்லை, தடை, குழாயின் முனையில் ஒளி வெளியேறும் கண்ணாடி யன்னலில்தான் இருக்கும். கட்மியச் சேமிப்பறை அனோட்டு (நேர்முனை) பக்கம் இருப்பதால், மின்னிறக்கம் (வாயுவூடான மின்னோட்டம்) ஓடும்வரை கட்மிய அயன்கள் கதோட்டை (எதிர்முனையை) நோக்கியே இழுக்கப்பட்டு அனோட்டு யன்னல் காப்பாற்றப்படுகிறது. மின்சாரம் திடீரென நின்றால் அந்த இழுவையும் நின்றுவிடும், சேமிப்பறையோ இன்னும் 200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் ஆவியைத் தந்துகொண்டிருக்கும். அந்த ஆவி குளிர்ந்த யன்னலில் போய்ப் படியும். இந்த லேசரில் ஒளி ஆடிகளுக்கிடையே ஒரு சுற்றுப் போய்வரும்போது கிடைக்கும் பெருக்கமே சில சதவீதம்தான் என்பதால், கண்ணுக்கு மெல்லியதாகத் தெரியும் படலமும் வலுவைப் பாதியாக்கப் போதும்.

லேசரை அணைத்துவிட்டு, அனோட்டுப் பக்கப் புரூஸ்டர் யன்னலை (சாய்வாகப் பொருத்திய அந்தக் கண்ணாடியை)க் கைவிளக்கால் சாய்வாகப் பாருங்கள். படலம் உட்புறம் இருப்பதால் துடைக்க முடியாது. கட்மியம் நஞ்சு, குழாயைத் திறக்கவே வேண்டாம். யன்னல் பசையால் ஒட்டப்பட்டிருந்தால் சூடாக்கவும் கூடாது, ஒட்டு விட்டுவிடும். இனி நிறுத்தும்போது, மின்வழங்கி அனுமதித்தால், முதலில் சூடாக்கியை அணைத்து, மின்னிறக்கத்தைச் சேமிப்பறை ஆறும்வரை ஓடவிடுங்கள். மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் மின் தரும் யூபிஎஸ் ஒன்றும் அவசியம்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன் ஐயா. யன்னலின் கீழோரத்தில் பிறைபோல் சாம்பல் நிறப் படலம். ஒட்டிய யன்னல்தான், எனவே சூடாக்கவில்லை. யூபிஎஸ் பொருத்தியாயிற்று. இருக்கும் 7 மில்லிவாற்றிலேயே ஒளிபடும் நேரத்தை ஏறக்குறைய மூன்று மடங்காக்கிப் பதிவுசெய்கிறோம்; ஆனால் பகலில் கல்லடி வீதியால் லொறி போனாலே ஹோலோகிராம் பதியும் தட்டு அதிர்ந்து பதிவு பழுதாகிறது, அதனால் வேலையை இரவு 11 மணிக்குப் பிறகு மாற்றிவிட்டோம்.