மண்புழு ஃபில்டர்ல தண்ணிய சுத்தம் பண்றது யாரு?

எல்லாருக்கும் வணக்கம்,

சாக்கடைத் தண்ணியில மண்புழுவ விட்டா அது அழுக்கையெல்லாம் தின்னு தண்ணிய தெளிவாக்கிடுமான்னு போன மடல்ல கேள்வி வந்திருந்துது. நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன், புழு தண்ணிக்குள்ள நீந்திக்கிட்டு இருக்கும்னு. அப்படி விட்டீங்கன்னா செத்துடும். மண்புழு தோல் வழியாத்தான் மூச்சு விடுது, கழிவுநீர்ல ஆக்சிஜன் ரொம்பக் கம்மி.

அதனால தண்ணிய புழு இருக்கிற அடுக்கு வழியா வடிய விடுறதுதான் மண்புழு ஃபில்டர். அமைப்பு ரொம்ப சிம்பிள். ஒரு தொட்டி, அடியில பெரிய ஜல்லி, மேல பொடி ஜல்லி, மணல், எல்லாத்துக்கும் மேல மரத்தூளோ மரச்சீவலோ. புழு குடியிருக்கிறது அந்த மேல் அடுக்குலதான். தண்ணிய மேலேர்ந்து பரவலா தெளிச்சு விடணும், அது கசிஞ்சு எறங்கி அடிக்குழாய் வழியா போயிடணும், எங்கயும் தேங்கக் கூடாது.

இப்ப விஷயத்துக்கு வரேன். கரைஞ்சிருக்கிற அழுக்க உடைக்கிறதுல பெரும்பங்கு ஜல்லியிலயும் மரத்தூள்லயும் வழவழன்னு ஒட்டி வளர்ற பாக்டீரியாவோடது. ஆனா அந்தப் படலம் தடிச்சிக்கிட்டே போகும், திடக்கழிவும் சேர்ந்து இண்டு இடுக்கெல்லாம் அடைச்சிக்கும், காத்து போகாது, அப்புறம் நாத்தம்தான். புழு அந்தப் படலத்தையும் கசடையும் தின்னு, குடல்ல அரைச்சு எச்சமா தள்ளி, போற வழியெல்லாம் ஓட்டை போட்டு காத்துக்கு வழி விடுது. அடுப்பு எரியணும்னா சாம்பல தள்ளி விட ஒரு ஆள் வேணும்ல, அந்த ஆள்தான் இது. அதனாலதான் சாதாரண ஃபில்டர் மாதிரி தனியா கசடு அள்ளுற வேலை இதுல ரொம்பக் கம்மி.

சிலி பல்கலைக்கழகத்துல ஹோசே தோஹாங்கிறவர் 1992 வாக்குல இத உருவாக்கினார், அங்க இன்னிக்கும் அவர் பேர்லதான் சொல்றாங்க. பொதுவா விடுறது ஐசீனியா ஃபெடிடாங்கிற செம்புழு. தோட்டத்துல ஆழமா வளை தோண்டுற புழுவ புடிச்சி போட்டுட்டு ஒண்ணும் நடக்கலன்னு சொல்லாதீங்க, மேல் மட்டத்துல மட்குற குப்பையில வாழ்ற ஜாதிதான் இதுக்கு வேணும். 15லேர்ந்து 25 டிகிரி செல்சியஸ்ல நல்லா இருக்கும், 35 தாண்டினா தாங்காது, அதனால நெழல் கட்டாயம். புழு பழகி, எண்ணிக்கை பெருகி, முழு வேகத்துக்கு வர சில வாரம் ஆகும், மொத நாளே முழு லோடு ஏத்தாதீங்க.

ஒழுங்கா ஓடினா பி.ஓ.டி. (தண்ணியில இருக்கிற அழுக்க உடைக்க நுண்ணுயிருக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேணும்ங்கிற அளவு; அழுக்கு கூடினா இதுவும் கூடும்) பெரும்பாலும் 90 சதவீதத்துக்கு மேலயே கொறையுது. அதுக்காக வர்ற தண்ணிய குடிக்கலாம்னு யாரும் கெளம்பிடாதீங்க! கிருமி நல்லா கொறையும், ஆனா பூரா போகாது. அம்மோனியா நைட்ரேட்டா மாறி தண்ணியோடயே வரும், உப்பு அப்படியே இருக்கும். மரத்துக்கு விடலாம், பச்சையா திங்கிற கீரைக்கு நான் விட மாட்டேன்.

வேலை செய்யாம கெடந்த ஃபில்டர் தொட்டி ஒண்ணு நான் பாத்தேன், புழு மொத்தமும் போச்சு. காரணம் யாரோ பாத்ரூம் கழுவி ப்ளீச்சிங் தண்ணிய நேரா அதுக்குள்ள விட்டுட்டாங்க. எண்ணெய்ப் பிசுக்கும் அப்படித்தான், மேல பூசிக்கிட்டு காத்த அடைச்சிடும், ஃபில்டருக்கு முன்னாடி எண்ணெயப் பிரிச்சு நிறுத்துற ஒரு சின்ன கிரீஸ் தொட்டி வெச்சிடுங்க. வீட்டப் பூட்டிட்டு ரொம்ப நாள் வெளிய போனாலும் யாராவது நனைச்சு விடணும், காஞ்சாலும் செத்துடும்.

மரச்சீவல் மட்கி மட்கி அமுங்கும், அப்பப்ப மேல போட்டு நெரப்பணும். தொட்டியிலேர்ந்து அள்ளி எடுக்கிற புழு எருவ உடனே செடிக்குப் போடாம கொஞ்ச நாள் தனியா குவிச்சு வெச்சு மட்க விட்டுட்டு போடுங்க.