‘ஷேலோ’: ஆழமற்றதா, ஆழம் குறைந்ததா, மேலோட்டமானதா?

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, நிரலாக்கத்தில் வரும் ‘ஷேலோ காப்பி’க்குத் (shallow copy) தமிழ் தேடப்போய், இப்போது ‘ஷேலோ’ என்ற ஆங்கில அடைமொழிக்கே ஒரு பொதுச்சொல் காணும் முயற்சியில் நிற்கிறோம். இதுவரை வந்த பரிந்துரைகள் ஆழமற்ற, ஆழம் குறைந்த, மேலோட்டமான, மேம்போக்கான, குறையாழ, சிற்றாழ. இவற்றில் எது நல்ல சொல் என்று கேட்பதற்கு முன், அந்தத் துறையில் ஆழம் எதைக் கொண்டு அளக்கப்படுகிறது என்று கேட்க வேண்டும். அதைக் கேட்டால் ஒரே சொல்லை எல்லா இடத்துக்கும் போடும் எண்ணம் தானே விலகிவிடும்.

முதலில் ‘ஆழமற்ற’. பாடநூல்களிலும் செய்திகளிலும் அதிகம் புழங்குவது இதுதான். ஆனால் ‘அற்ற’ என்பது அறவே இல்லாததைச் சொல்லும். எல்லையற்ற, பயனற்ற, நன்றியற்ற என்பவற்றில் ‘கொஞ்சம் உண்டு’ என்ற பொருளுக்கு இடமில்லை; அற்ற குளம் என்றால் வற்றிய குளம். அளந்து எண்ணில் சொல்லும் ஓர் ஆழத்துக்கு இந்த ஈற்றை ஒட்டினால் சொல்லும் எண்ணும் முரண்படும்.

நிலநடுக்கத்தைப் பாருங்கள். குவியம், அதாவது நடுக்கம் தொடங்கும் நிலத்தடிப் புள்ளி, 70 கி.மீ.க்குள் இருந்தால் ‘ஷேலோ’ வகை, 70 முதல் 300 வரை இடைநிலை, 300 முதல் 700 வரை ஆழ்குவியம். 2004 டிசம்பர் 26 சுமத்ரா நடுக்கத்தின் குவியம் ஏறக்குறைய 30 கி.மீ. ஆழத்தில் இருந்தது. அது முதல் வகை. ‘30 கி.மீ. ஆழத்தில் ஏற்பட்ட ஆழமற்ற நிலநடுக்கம்’ என்று எழுதினால் படிப்பவர் தடுமாறுவார்.

அன்றைய ஆழிப்பேரலையில் முரண் இன்னும் கூர்மையாகத் தெரியும். அலை இயற்பியலில், கடலின் ஆழம் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கைவிடக் குறைந்தால் அது ‘ஷேலோ வாட்டர்’ அலை. பாதியைவிட மிகுந்தால் ஆழ்நீர் அலை. ஆழிப்பேரலையின் அலைநீளம் 100 கி.மீ.க்கு மேல் இருக்கும். அதில் இருபதில் ஒரு பங்கே 5 கி.மீ. ஆகவே 4,000 மீட்டர் ஆழமுள்ள நடுக்கடலிலும் அது ‘ஷேலோ’ அலைதான். அதனால்தான் அதன் வேகம் கடலின் ஆழத்தை மட்டும் சார்ந்து அமைகிறது. ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 4,000 மீட்டரில் நொடிக்கு 198 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 710 கி.மீ. கரையருகே 10 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36 கி.மீ. ஆகிவிடும். முன்பகுதி வேகம் குறைய, பின்பகுதி நெருக்கிக்கொண்டு வர, அலை உயர்கிறது. இதைக் கற்பிக்கும் ஆசிரியர் ‘ஆழமற்ற நீரலை’ என்றால், 4 கி.மீ. ஆழக் கடல் எப்படி ஆழமற்றதாகும் என்று மாணவர் கேட்பார். கேட்பது நியாயம். இங்கே சொல்லவருவது விகிதத்தை.

கட்டுமானத்திலும் விகிதம்தான். அடித்தளத்தின் ஆழம் அதன் அகலத்துக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் ‘ஷேலோ’ என்பது மண் இயக்கவியல் அறிஞர் டெர்சாகி வகுத்த வரையறை. பின்வந்தவர்கள் அகலத்தின் மூன்று நான்கு மடங்கு வரைகூட ஏற்கிறார்கள். 20 மீட்டர் அகலத்தில், 6 மீட்டர் பள்ளத்தில் போடும் ராஃப்ட்டும் (கட்டடம் முழுவதையும் தாங்கும் ஒரே பரந்த தளம்) இந்த வகையே. மூன்று ஆள் உயரத்துக்கு வானம் (அடித்தளப் பள்ளம்) தோண்டிவிட்டு ‘ஆழமற்ற அடித்தளம்’ என்று வரைபடத்தில் எழுதுவது பொருந்தவில்லை.

இந்த மூன்றுக்கும் நான் ‘சிற்றாழ’ என்பதை ஆதரிக்கிறேன். சிற்றூர், சிற்றாறு, சிற்றுண்டி போல இயல்பான புணர்ச்சி. வானொலியின் சிற்றலை அளவுப்பெயராகவே நிலைத்த சொல். அதைக் கேட்டு யாரும் குறைபாடுள்ள அலை என்று நினைத்ததில்லை. சிற்றாழ நிலநடுக்கம், சிற்றாழ நீரலை, சிற்றாழ அடித்தளம் என்று பெயரோடு ஒட்டும். ‘ஆழம் குறைந்த’ பிழையில்லை, உரைநடைக்கு நல்லது. ஆனால் ‘ஆழம் குறைந்த நீரலை’ என்றால் குறைந்தது நீரின் ஆழமா, அலையின் ஆழமா, முன்பு மிகுந்திருந்து பிறகு குறைந்ததா என்று மூன்று பொருள் கிளைக்கும்.

சிற்றாழத்துக்கு உண்மையான இடர் ஒன்று உண்டு. ழகரம் பேச்சில் ளகரமாகும் இடங்களில், கட்டுமானத் தளத்தில் இதைச் சொன்னால் ‘சித்தாள்’ என்றே காதில் விழும். தளத்தில் யாரும் இந்தச் சொல்லைத் தேடப்போவதில்லை, ‘அஞ்சடி வானம்’ என்றால் வேலை நடந்துவிடும். பாடநூலிலும் வரைபடத்திலும் எழுத்தாக இருக்கும்வரை குழப்பம் வராது என்பதால் இதைப் பெரிய தடையாக நான் கொள்ளவில்லை.

‘குறையாழ’வை விலக்கச் சொல்வேன். ‘குறை’ முன்னொட்டாக வரும்போது நிறைவுறாமையைச் சொல்கிறது: குறைமாதம், குறைப்பிரசவம். அந்தப் பொருள் பொருந்தும் இடம் மருத்துவத்தில் இருக்கிறது: ‘ஷேலோ’ மூச்சு. ஒரு மூச்சுக்கு 500 மி.லி. வீதம் நிமிடத்துக்கு 12 முறை மூச்சுவிடுபவரும், 250 மி.லி. வீதம் 24 முறை விடுபவரும் இழுப்பது ஒரே 6 லிட்டர். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மி.லி. மூச்சுக்குழாய்களிலேயே தங்கி வீணாகிறது. முதலாமவரின் நுரையீரல் நுண்ணறைகளுக்கு 4,200 மி.லி. போய்ச் சேர, இரண்டாமவருக்கு 2,400தான். இது மெய்யான குறை. ‘குறைமூச்சு’ என்றே சொல்லலாம். ‘மேல்மூச்சு’ வேண்டாம். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவது என்பது வேறு, அதில் மூச்சு சிறிதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

இனி தொடங்கிய இடமான நிரலாக்கம். இங்கே மீட்டரும் இல்லை, விகிதமும் இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் அடுக்குகளே ஆழம். பைத்தான் நிரல்மொழியில் அ = [1, 2, [3, 4]] என்ற பட்டியலை ‘காப்பி’ செயற்கூறால் ஆ என்று நகலெடுக்கிறோம். ஆ-வின் முதல் உறுப்பை 9 ஆக்கினால் அ மாறாது. ஆ-வுக்குள் இருக்கும் உள்பட்டியலில் 5-ஐச் சேர்த்தால் அ-வும் [1, 2, [3, 4, 5]] ஆகிவிடும். வெளிப்பட்டியல்தான் புதிது, உள்பட்டியல் இரண்டுக்கும் பொது. புதியவர்கள் அதிகம் இடறும் இடம் இது. எண்கள் மட்டும் உள்ள பட்டியலில் சோதித்துவிட்டு நகல் தனித்து நிற்கிறது என்று நம்பிவிடுகிறார்கள்.

ஆகவே சொல்லே எச்சரிக்க வேண்டும். ‘மேலோட்டமான நகல்’ எச்சரிக்காது. மேலோட்டம் என்பது பார்ப்பவரின் கவனத்தைப் பற்றியது, ‘மேலோட்டமாகப் படித்தேன்’ என்பது போல. கணினி கவனக்குறைவாக நகலெடுத்துவிட்டது என்று தோன்றும். நடந்ததோ முதல் அடுக்கை மட்டும் துல்லியமாக நகலெடுத்தது. ‘மேம்போக்கு’ இன்னும் பழிச்சொல். ‘மேல்நிலை நகல்’ என்றால் மேல்நிலைப் பள்ளி போல உயர்தர நகல் என்றாகிவிடும். என் பரிந்துரை ‘மேலடுக்கு நகல்’; உள்ளடுக்குகளையும் நகலெடுக்கும் அதன் இணைக்கு (‘டீப் காப்பி’) ‘ஆழ்நகல்’. ‘முழு நகல்’ என்பதைக் காப்புப்படி எடுப்பவர்கள் வேறு பொருளில் ஆள்கிறார்கள், அதைத் தொட வேண்டாம். ‘அடுக்கு’ ஏற்கெனவே ‘ஸ்டேக்’ என்ற தரவுக் கட்டமைப்புக்குப் பயன்படுகிறதே என்ற மறுப்பு சரிதான். ஆனால் ‘மேல்’ சேர்ந்தபின் நகலோடு அது மயங்க வாய்ப்பு குறைவு.

நிரல்களின் மாற்ற வரலாற்றைக் காக்கும் ‘கிட்’ (Git) மென்பொருளில் வரும் ‘ஷேலோ குளோன்’ இதோடு சேராது. ஆழத்தைக் குறிக்கும் ‘டெப்த்’ விருப்பத்துக்கு 1 கொடுத்து நகலெடுத்தால் இப்போதைய கோப்புகள் உட்கோப்புறைகள் உட்பட எல்லாம் வந்துவிடும். வராதது பழைய வரலாறு. இங்கே ஆழம் காலத்தில் இருக்கிறது. மேலடுக்கு என்றால் உட்கோப்புறைகள் வரவில்லை என்று தவறாகப் புரியும். ‘குறுவரலாற்று நகல்’ என்றால், எந்த வரியை யார் எழுதினார் என்று தேடும்போது பழைய பெயர்கள் ஏன் கிடைக்கவில்லை, இரு கிளைகளின் பொது மூதாதையைக் கிட் ஏன் காணவில்லை என்பதற்கெல்லாம் பெயரிலேயே விடை இருக்கும். விடுபட்ட வரலாற்றைப் பிறகு கொண்டுவரும் ‘அன்ஷேலோ’ விருப்பத்தை ‘வரலாற்றை நிரப்பு’ என்று எழுதிவிடலாம்.

மறை அடுக்கு (உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடைப்பட்ட அடுக்கு) குறைவாக உள்ள ‘ஷேலோ’ நரம்பு வலையமைப்புக்கு ‘ஓரடுக்கு’ என்ற பரிந்துரை சரிவராது. மறை அடுக்கே இல்லாத எளிய வலையமைப்பான பெர்செப்ட்ரானுக்கு அந்தப் பெயர் போய்விட்டது. ‘ஷேலோ’ வலையமைப்புக்கும் சிற்றாழ வலையமைப்பு என்றே வைக்கலாம், ‘ஆழ் கற்றல்’ என்பதோடும் இணையாக நிற்கும்.

களப்பு, உப்பங்கழி போன்ற நீர்நிலைகளுக்கு அடைமொழியே தேவையில்லை. சொல்லிலேயே ஆழக்குறைவு இருக்கிறது.

பட்டியலில் ஏற்றும்போது ‘ஷேலோ’வை ஒரே பதிவாக வைத்து எதிரே ஆறு சொற்களைக் காற்புள்ளியிட்டு அடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படி இருந்தால் மொழிபெயர்ப்பவர் முதலில் இருப்பதையே எடுப்பார், அது எப்போதும் ‘ஆழமற்ற’வாகவே இருக்கும். நிலநடுக்கம், நீரலை, அடித்தளம், மூச்சு, நகல், குளோன், வலையமைப்பு என ஒவ்வொரு தொடரையும் தனிப் பதிவாக்கி, ஆழம் அளக்கப்படும் முறையை ஒரு வரியில் பக்கத்தில் குறிப்போம். மேலோட்டமும் மேம்போக்கும் மனிதர் படிப்பதற்கும் பேசுவதற்கும் மட்டும் இருக்கட்டும்.