வீட்டுக்கும் பொது இடத்துக்கும் ஒரே விளையாட்டு செட்: ஜாயிண்ட் ஆடுது, மெட்டீரியல்லயும் குழப்பம்

பலகைப்பித்தன்:
வணக்கம் மக்களே. ஒரு சின்ன செட் டிசைன் பண்ணிட்டு இருக்கேன், ரெண்டு ஸ்டூல், ஒரு வளைஞ்ச பலகை, நடுவுல மாட்டிக்கிற ஏணி. தனித்தனியா உட்காரலாம், கவுத்துப் போட்டா ஆடலாம், சேர்த்து மாட்டினா ஏறி இறங்கலாம். 2 வயசுலேர்ந்து 9, 10 வரைக்கும் ஓடணும்னு ஆசை. ஒரு வீட்டுலயும் இருக்கணும், பொம்மைகளை இரவல் குடுக்கிற டாய் லைப்ரரி மாதிரி பல வீடு சுத்தி வந்தாலும் தாங்கணும்.

பிரச்சனை என்னன்னா, 18 எம்எம் ப்ளைவுட்ல பண்ண மாடல பசங்க கிட்ட குடுத்தேன், ஏணி மாட்டுற இடத்துல கழட்டி மாட்டி கழட்டி மாட்டி ஓட்டை பெருசாகி ஸ்க்ரூ சும்மா சுத்துது, ஓரத்துல ஈரம் பட்டு லேயரும் பிரிய ஆரம்பிச்சிடுச்சு. பணம் போடுறவர் வேற "பிஎல்ஏல பண்ணுங்க, மக்கிப் போயிடும், பெட்டி மேல இலை படம் போட்டுக்கலாம்"ங்கிறார் (பிஎல்ஏன்னா செடியிலேர்ந்து எடுக்கிற ஒரு பிளாஸ்டிக்). அப்புறம் இன்னொண்ணு, பசங்களுக்கு சீக்கிரம் போரடிச்சிட்டா எவ்ளோ ஸ்ட்ராங்கா பண்ணி என்ன பிரயோஜனம்? லைட்டு, சவுண்டு ஏதாவது சேர்க்கலாமா? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

உளிச்சத்தம்:
ப்ரோ, ப்ளையோட ஓரத்துல மர ஸ்க்ரூ போட்டா நிக்கவே நிக்காது, லேயருக்கு நடுவுல பிளந்துக்கிட்டுதான் போகும். ஒரு தடவை மாட்டி விட்டுடுற அலமாரின்னா ஒப்பேத்தலாம், நீங்க சொல்றது தினம் கழட்டுற சமாச்சாரம். பேரல் நட்டுக்கு மாறுங்க. ஓரத்துலேர்ந்து உள்ள நீளமா ஒரு துளை, அதுக்குக் குறுக்க பலகையோட முகத்துல ஒரு துளை, அந்தக் குறுக்குத் துளைல உருளை மாதிரி நட்டு உட்காரும், போல்ட்டு அதைப் பிடிச்சு இழுக்கும். மரை இரும்புல இருக்கிறதால மரத்துக்கு அழுத்தம் தாங்குற வேலை மட்டும்தான். 18 எம்எம்முக்கு எம்6, அதாவது 6 எம்எம் தடிமன் போல்ட்டு போதும். செட் முழுக்க ஒரே சைஸ் போல்ட்டு, ஒரே ஆலன் கீ (ஆறு பட்டை முனை உள்ள வளைஞ்ச சாவி), அந்தக் கீயையும் ஸ்டூல் அடியில ஒரு பள்ளம் வெட்டி அங்கயே சொருகி வச்சிடுங்க, இல்லன்னா முதல்ல காணாமப் போறது அதுதான்.

ஓரத்தை ரௌட்டர்ல (மரம் செதுக்குற மெஷின்) 3 எம்எம்மாவது உருட்டணும். குழந்தைக்குக் குத்தும்ங்கிறது ஒரு காரணம், கூர் முனைல பூச்சு மெலிசா நின்னு அங்கேர்ந்துதான் உரியும்ங்கிறது இன்னொண்ணு. ப்ளை ஓரம் தண்ணியை நல்லா குடிக்கும், அங்க மட்டும் ரெண்டு மூணு கோட்டு கூட குடுங்க.

ஏணிப் படி இடைவெளியை அளந்தீங்களா? அமெரிக்க பிளேகிரவுண்ட் வழிகாட்டுதல்ல 89 எம்எம்முக்கும் 229 எம்எம்முக்கும் நடுவுல இருக்கிற மூடின இடைவெளி கூடாதும்பாங்க, ஏன்னா உடம்பு நுழைஞ்சிடும் தலை மாட்டிக்கும். அதை விடக் குறைவா வைங்க, இல்ல தாராளமா வைங்க. 3 வயசுக்குக் கீழன்னா 31.7 எம்எம் விட்டம் உள்ள சோதனை உருளைக்குள்ள முழுசா அடங்குற துண்டு எதுவும் கழண்டு வரக்கூடாது. போல்ட்டு மூடி, ரப்பர் ஷூ ரெண்டையும் இதுல போட்டுப் பாருங்க, பெரும்பாலும் மாட்டுறது அதுங்கதான்.

உருகுநிலை:
பிளாஸ்டிக் வேலைல இருக்கிறவன்ங்கிற முறைல பிஎல்ஏ பத்தி மட்டும் சொல்றேன். அது மக்கணும்னா கிட்டத்தட்ட 58 டிகிரி சூட்டை விடாம வச்சிருக்கிற தொழிற்சாலை கம்போஸ்ட் வேணும், வீட்டுத் தோட்டத்துக் குழில போட்டா வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும். இன்னொரு பக்கம் 60 டிகிரி கிட்ட இளகிடும், வெயில்ல மூடின கார்ல வச்சா வளைஞ்சிடும். அதாவது மக்க வேண்டிய இடத்துல மக்காது, நிக்க வேண்டிய இடத்துல நிக்காது. மூங்கில் பொடியை பிளாஸ்டிக்கோட கலந்து "இயற்கை"ன்னு விக்கிறதும் கிட்டத்தட்ட இதே கதை, கலந்துட்டா ரெண்டையும் பிரிச்சு மறுசுழற்சி பண்றது கஷ்டம்.

வெளில வைக்கிறதுக்கு, வெயில்ல கெடாம இருக்க யுவி ஸ்டெபிலைசர் போட்ட எச்டிபிஇ (ஒரு வகை கெட்டி பிளாஸ்டிக்) ஷீட் பாருங்க. உள்ள வரைக்கும் ஒரே கலருங்கிறதால கீறினாலும் அசிங்கமா தெரியாது, பெயிண்ட் வேலையே இல்ல. ஆனா பசை ஒட்டாது, தொடர்ந்து பாரம் வச்சா மெதுவா தொய்யும், அதனால ரெண்டு தாங்கலுக்கு நடுவுல இருக்கிற தூரத்தைக் குறைவா வைங்க. மேல மெத்து மெத்துன்னு ரப்பர் ஒட்டி வார்க்காதீங்க, ஒரே மெட்டீரியலா இருந்தாதான் கடைசில உருக்க முடியும்.

லெகோ கூட பழைய பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில்லேர்ந்து பிரிக் செய்ற திட்டத்தை 2023ல கைவிட்டாங்க, அதுக்கு மாறினா கார்பன் குறையாதுன்னு கணக்குல வந்துச்சு. ஆனா அவங்க 1958ல போட்ட பிரிக் இன்னைக்கு வாங்குற பிரிக்ல அப்படியே மாட்டும் பாருங்க, என்னைக் கேட்டா சஸ்டெய்னபிள்ங்கிறது அதுதான். உங்க துளை இடைவெளியை ஒரு தடவை முடிவு பண்ணிட்டு அப்புறம் தொடாதீங்க. அலமாரிக்காரங்க 32 எம்எம் இடைவெளில துளை போடுறாங்க, அதையே எடுத்துக்கலாம்.

பொம்மைசுத்து:
நான் ஒரு டாய் லைப்ரரில உதவி பண்றேங்க. லைட்டு சவுண்டு வேண்டவே வேண்டாம். அந்த மாதிரி வர்றது எல்லாம் பட்டன் வேலை செய்யலன்னா குழந்தைங்க அதை செத்துப் போனதாவே நினைச்சு ஒதுக்கிடுறாங்க, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கும். பட்டன் பேட்டரி முழுங்கினா உயிருக்கே ஆபத்து வேற. சும்மா ஒரு வளைஞ்ச பலகைதான் எங்ககிட்ட கை மாறிக்கிட்டே இருக்கு, ஒரு வீட்டுல படகு, ஒரு வீட்டுல பாலம், ஒரு வீட்டுல கடை கல்லா. ஆம்ஸ்டர்டாம்ல ஆல்டோ வான் ஐக்ங்கிற கட்டடக் கலைஞர் 1947லேர்ந்து 700க்கு மேல விளையாட்டு இடம் டிசைன் பண்ணாரு, யானை குதிரை மாதிரி எதுவும் இல்லாம வளைஞ்ச கம்பி, மணல், கல்லு மட்டும்தான், இது இதுக்குத்தான்னு பசங்களுக்கு யாரும் சொல்லல.

எங்க பக்கத்து வேண்டுகோள்: பெரியவங்க ஒருத்தர் ஒரு கையில தூக்குற எடை, துணி நுழையாத இடுக்கு எதுவும் இல்லாம (பிஸ்கட் தூள் எங்கெல்லாம் போகும்னு உங்களுக்குத் தெரியாது), அப்புறம் எந்தெந்தத் துண்டு இருக்கணும்ங்கிற படத்தை ஸ்டூல் அடியிலயே சூடு வச்சுப் பதிச்சிடுங்க. பேப்பர் மேனுவல் ரெண்டாவது வீட்டோட போயிடும்.

சந்தேகப்பிராணி:
எல்லாரும் சரியாத்தான் சொல்றீங்க, ஆனா குடும்பம் வேற, பொது இடம் வேறங்க. வீட்டுல நட்டு லூஸானா அப்பாவோ அம்மாவோ முறுக்கிடுவாங்க, பொது இடத்துல யார் முறுக்குவாங்க? ப்ளேபம்ப்னு ஒண்ணு வந்துச்சு ஞாபகம் இருக்கா, பசங்க ராட்டினம் சுத்தினா தண்ணி ஏறும்னு ஆப்பிரிக்க கிராமங்கள்ல வச்சாங்க. கேட்க அருமையா இருந்துச்சு. பசங்க விளையாடாத நேரத்துல பொம்பளைங்க கையால அதைத் தள்ள வேண்டியதா போச்சு, கெட்டுப் போனா ஊர்ல சரி பண்ண ஆளும் இல்ல பாகமும் இல்ல. 2010க்கு அப்புறம் பேச்சே குறைஞ்சிடுச்சு. விளையாட்டு டிசைன்ல குறை இல்ல, ஸ்பேனர் யார் கையிலங்கிற கேள்வியைத்தான் யாரும் கேட்கல. நீங்க பொது இடத்துக்குக் குடுத்தா பொறுப்பாளர் பேரும் ஒரு உதிரிபாகப் பையும் சேர்த்துத்தான் குடுக்கணும்.

பலகைப்பித்தன்:
எல்லாருக்கும் நன்றி, பணம் போடுறவருக்கு இந்தத் திரியையே அனுப்பிட்டேன். உள்ள வைக்க ப்ளை, வெளில எச்டிபிஇ, ரெண்டுக்கும் ஒரே 32 எம்எம் இடைவெளில துளை, பாகம் மாத்தி மாத்தி மாட்டலாம், இப்படிப் போறேன். ஒரே சந்தேகம், பசங்க ஆட்டுற ஆட்டத்துல போல்ட்டு தானா கழண்டு வந்தா? பசை போட்டா அப்புறம் கழட்ட முடியாதே.

உளிச்சத்தம்:
நீல கலர் த்ரெட்லாக்கர் (மரைல பூசுற பசை) போடுங்க, கைக் கருவியாலயே கழண்டு வரும், சிவப்பு போட்டுடாதீங்க, அதைச் சூடு காட்டித்தான் கழட்டணும். ஆனா தினம் கழட்டுற ஏணிக்கு அது சரி வராது, ஒவ்வொரு தடவையும் பூசணும், அங்க போல்ட்டுத் தலைக்கு அடியில அகலமான வாஷர் போட்டு இறுக்கினா போதும். ப்ளைல இன்னொரு விஷயம், முதல் ரெண்டு மூணு வாரத்துல மரம் அமுங்கி எல்லா போல்ட்டும் கொஞ்சம் தளரும், அப்ப ஒரு சுத்து இறுக்கச் சொல்லி அந்த அடிப்பக்கப் படத்துலயே சேர்த்துடுங்க.