லக்ஸ் கணக்கு ஒத்துவரவில்லை, சாக்லேட்டும் மொத்தமாக இளகுகிறது: உதவி தேவை

கவின்மொழி: வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒளியின் பிரகாசத்தையும் வேகத்தையும் அளந்து காட்ட முயல்கிறேன். இரண்டுமே சரியாக வரவில்லை.

எல்இடி பல்புக்கு எதிரே மொபைலை வைத்து, வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் காட்டும் ஆப்பில் பார்த்தால் 50 செ.மீ.யில் 428, 1 மீட்டரில் 131, 2 மீட்டரில் 56. தூரம் இரட்டித்தால் நாலில் ஒரு பங்காகக் குறைய வேண்டுமே? ஜன்னல் திரையெல்லாம் மூடித்தான் இருந்தது.

மைக்ரோவேவும் ஒளியின் வேகத்திலேயே போகும் அலை என்பதால், வேகத்துக்கு மைக்ரோவேவ் அவனில் சாக்லேட்டை வைத்தேன். தனித்தனிப் புள்ளிகளாக உருகாமல் முழுவதும் ஒரே சீராக இளகிவிட்டது.

நிழலளவை: டீச்சர், உங்கள் எண்களிலேயே விடை இருக்கிறது. மூன்றிலிருந்தும் 31ஐக் கழித்துப் பாருங்கள்: 397, 100, 25. அந்த 31 பெரும்பாலும் பல்பின் வெளிச்சமே சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருவது. திரை போட்டால் அது நிற்காது, பல்பை அணைத்து அளந்தாலும் பிடிபடாது. உள்ளங்கை அளவு கறுப்பு அட்டையை நடுவில் பிடித்து, அதன் நிழல் முன் கேமரா பக்கத்திலுள்ள சென்சார் மேல் விழச் செய்யுங்கள். அப்போது காட்டும் எண்ணை ஒவ்வொரு தூரத்திலும் கழியுங்கள். பல்பின் அகலத்தைப் போல ஐந்து மடங்குக்கும் கிட்டே போக வேண்டாம், அங்கே இந்த விதி சரியாகப் பொருந்தாது.

அலைவரிசை: சுழலும் தட்டை எடுத்துவிட்டீர்களா? அது சுற்றுவதே சூடு எங்கும் பரவத்தான். சுழற்றும் அச்சின் மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் அசையாத தட்டில் சாக்லேட்டை வையுங்கள். அங்கங்கே பளபளப்பு மாறத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள், விட்டால் புள்ளிகள் ஒன்றாகிவிடும். பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே சுமார் 6 செ.மீ. இருக்கும். அது அரை அலைநீளம். இரட்டித்து, அவனின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள அதிர்வெண்ணால் பெருக்குங்கள். பெரும்பாலும் 2450 மெகாஹெர்ட்ஸ். நொடிக்கு 29.4 கோடி மீட்டர் வரும். உண்மையான மதிப்பு 29,97,92,458. புள்ளிகள் ஒழுங்காக அமையாது, பல ஜோடிகளை அளந்து சராசரி எடுங்கள்.

கவின்மொழி: அட்டையை வைத்ததும் 30, 31, 31 வந்தது! மிக்க நன்றி. ஒரு மாணவி கேட்டாள்: "தூரம் போகப் போக வெளிச்சம் மங்குதே, வேகமும் குறையுமா?" நொடிக்கு 240 படம் எடுக்கும் மொபைலில் வேகத்தை நேரடியாகக் காட்ட முடியுமா?

நிழலளவை: அருமையான கேள்வி. குறையாது. அதே ஒளி பெரிய பரப்பில் விரிவதால்தான் மங்குகிறது. வேகம் மாறுவது ஊடகத்தால். தண்ணீரில் ஏறக்குறைய முக்கால் பங்குதான்.

மொபைல் போதாது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒளி சுமார் 1,250 கி.மீ. போய்விடும். 1849இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிசோ பாரிஸ் அருகே 720 பல் கொண்ட சக்கரத்தைச் சுழற்றி, பல் இடுக்கு வழியாக 8.6 கி.மீ. தள்ளியிருந்த கண்ணாடிக்கு ஒளியை அனுப்பினார். நொடிக்கு 12.6 சுற்று எட்டியபோது, திரும்பி வந்த ஒளியை அடுத்த பல் மறைத்தது. இதையே பிள்ளைகளிடம் கணக்காகக் கொடுங்கள். 720 பல்லும் 720 இடுக்கும் இருப்பதால், ஒளி 17.2 கி.மீ. போய்வரும் நேரத்தில் சக்கரம் ஒரு சுற்றில் 1,440இல் ஒரு பங்கு நகர்ந்திருக்கிறது. 17.2, 1,440, 12.6 மூன்றையும் பெருக்கினால் நொடிக்குச் சுமார் 3,12,000 கி.மீ.