ஒரே கவுண்ட் நூல், இரண்டு விதமான துணி: காரணம் பாவா, ஊடையா?

இழைநோக்கி (கேள்வி):
வணக்கம். என்னிடம் இரண்டு பருத்தித் துணிகள் இருக்கின்றன. இரண்டுமே சாதா நெசவு. இரண்டிலும் பாவும் (நீளவாக்கு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) 40 கவுண்ட் என்றே குறிக்கப்பட்டுள்ளது. ஆனால் ஒன்று விறைப்பாக நிற்கிறது. அதன்மேல் விரலை ஓட்டினால் அகலவாக்கில் மெல்லிய வரிகள் தட்டுப்படுகின்றன. மற்றொன்று தளர்ந்து மடிந்து விழுகிறது. முதல் துணியைத் துவைத்தபோது நீளத்தில் நன்றாகவே சுருங்கியது, அகலத்தில் அவ்வளவாக இல்லை. கவுண்ட் ஒன்றாக இருந்தும் இந்த வேறுபாடு எப்படி வருகிறது? துணியின் குணத்தைத் தீர்மானிப்பது பாவா, ஊடையா? கரை வெட்டப்பட்ட துண்டில் எது பாவு என்று கண்டுபிடிக்கும் வழியையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

தறிமேடை:
கவுண்ட் என்பது நூலின் தடிமனை மட்டுமே சொல்லும் எண். 1 பவுண்டு எடையுள்ள நூலில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் (நூல் கட்டுகள்) எத்தனை இருக்கின்றன என்பதே அது. 40 கவுண்ட் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கஜம். முறுக்கு எவ்வளவு, ஒற்றை இழையா இரட்டை இழையா, அங்குலத்துக்கு எத்தனை இழை என்பதையெல்லாம் அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

என் பார்வையில் முதலில் கவனிக்க வேண்டியது, தறியில் இந்த இரண்டு நூல்களுக்கும் ஏற்படும் வேலைப்பளு ஒன்றல்ல என்பதுதான். பாவு நூல் நெசவு முடியும் வரை இழுபட்டே நிற்கிறது. ஒவ்வொரு ஊடை ஓடும்போதும் விழுது (பாவு இழைகள் கோக்கப்பட்ட கண்ணிகள்) அதை ஏற்றி இறக்குகிறது, அச்சு (ஊடையை நெருக்கித் தள்ளும் சீப்பு) முன்னும் பின்னும் போய் வந்து உரசுகிறது. அதனால்தான் அதற்கு முறுக்கை அதிகம் கொடுத்து, கஞ்சியும் போட்டுத் தறியேற்றுகிறார்கள். ஊடைக்கு இந்தப் பாடு இல்லை. ஒரு முறை ஊடே போய்ப் படுத்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. ஆகவே முறுக்குக் குறைந்த, மிருதுவான நூலை ஊடையில் தாராளமாகப் போடலாம். ஃபிளானலில் பஞ்சு போல எழுப்பப்படும் மேற்பரப்பு பெரும்பாலும் இந்த ஊடையிலிருந்து கிளறி எடுக்கப்படுவதே. உங்கள் இரண்டாவது துணி தளர்ந்து விழுவதற்கும் ஊடையின் முறுக்குக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம்.

நெளிவளவு:
தறிமேடை சொன்னது சரிதான், ஆனால் கேள்வியில் உள்ள வரிகளுக்கு முறுக்கு விடையாகாது. அங்கே செறிவும் (இழைகளின் நெருக்கம்) நெளிவும் (நூல் வளைந்து செல்லும் அளவு) தான் காரணம். பாப்ளின் வகைத் துணியில் பாவு இழைகள் ஊடையைவிட மிக நெருக்கமாக இருக்கும், ஏறக்குறைய இரு மடங்குகூட. அவ்வளவு நெருக்கத்தில் ஊடை வளைந்து கொடுக்க இடமில்லாமல் நேராகக் கிடக்கிறது; வளைவு முழுவதையும் பாவே ஏற்றுக்கொண்டு அதன்மேல் ஏறி இறங்குகிறது. விரலில் தட்டுப்படும் வரிகள் அந்த மேடுகளே.

சுருக்கத்தின் காரணமும் அங்கேதான் இருக்கிறது. பாவின் நெளிவு 8 சதவீதம் என்றால், 1 மீட்டர் துணிக்குள் 108 செ.மீ. பாவு நூல் அடங்கியிருக்கிறது என்று பொருள். தண்ணீரில் பருத்தி இழை ஊதித் தடிக்கிறது. தடித்த ஊடையைச் சுற்றி வருவதற்குப் பாவுக்குக் கூடுதல் நீளம் தேவை. நூல் நீளாது என்பதால், ஊடைகள் ஒன்றை ஒன்று நெருங்கித் துணி குட்டையாகிறது. தறியிலும் பதனிடும்போதும் ஏற்பட்ட இழுவை தளர்வதும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

இழைநோக்கி:
தெளிவாகப் புரிந்தது, நன்றி. அப்படியானால் பாவை மாற்றாமல் ஊடையை மட்டும் மாற்றி வேறு துணி எடுக்க முடியுமா?

தறிமேடை:
தாராளமாக முடியும், நடைமுறையில் அதுதான் எளிது. புதிய பாவு என்றால் ஆயிரக்கணக்கான இழைகளைப் பிணைக்க வேண்டும், அல்லது ஒவ்வொன்றாக விழுதிலும் அச்சிலும் கோக்க வேண்டும். ஊடைக்கு நூல்கண்டை மாற்றினால் போதும். அதே பாவில் வேறு நிற ஊடையை ஓட்டினால், சாய்த்துப் பார்க்கும்போது நிறம் மாறும் துணி கிடைக்கும். முறுக்கேறிய நூலை வலமுறுக்கு இரண்டு, இடமுறுக்கு இரண்டு என்று மாற்றி மாற்றி ஊடையாக ஓட்டினால், நனைத்தபின் மேற்பரப்பு சுருங்கிக் கிரேப் ஆகும். நெகிழும் ஜீன்ஸிலும் ரப்பர் போல இழுபடும் எலாஸ்டேன் பெரும்பாலும் ஊடையில்தான் இருக்கும். பாவில் போட்டால் இழுவையைச் சீராக வைத்திருப்பது பெரும் தலைவலி. டெர்ரி துண்டு மட்டும் இதற்கு நேர்மாறு: அதன் வளையங்கள் இரண்டாவது பாவு உருளையிலிருந்து தளர்வாக விடப்படும் பாவு நூலால் ஆனவை.

கரையோரம்:
யாரும் கடைசிக் கேள்வியைத் தொடவில்லை. துண்டை இரு திசையிலும் இழுத்துப் பாருங்கள். குறைவாக நீளும் திசை பெரும்பாலும் பாவு. பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சீரான இடைவெளியில் மெல்லிய கோடுகள் தெரிந்தால் அவை அச்சின் தடம், பாவின் திசையிலேயே ஓடும். ஒரு திசையில் இரட்டை இழையும் மறு திசையில் ஒற்றை இழையும் இருந்தால், இரட்டை இழையையே பாவு என்று கொள்ளலாம். எலாஸ்டேன் கலந்த துணியில் முதல் சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். சில வகைகள் இரு திசையிலும் நீளும்.