இஎஸ்ஐ வேலையின்மை நிவாரணம்: மூன்று தடவை தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், இனி என்ன செய்வது?

லக்கெரெவாசி:

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு பீன்யாவில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் சிஎன்சி ஆபரேட்டராக இருந்தேன். சம்பளம் 18,000. மாதாமாதம் இஎஸ்ஐக்கு (தொழிலாளர் அரசுக் காப்பீடு) 135 ரூபாய் பிடிப்பார்கள், சம்பளச் சீட்டில் அதைப் பார்க்கும்போதெல்லாம் தண்டச்செலவு என்று திட்டியிருக்கிறேன், இப்போது அதை நம்பித்தான் நிற்கிறேன்.

ஆகஸ்ட் 31 அன்று ஆர்டர் இல்லை என்று சொல்லி எங்களில் பதினோரு பேரை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். ஆங்கிலத்தில் அடித்த ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போட்டால் இன்றே கணக்கு முடித்துவிடுவோம், போடாவிட்டால் பணம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். வீட்டு வாடகை 7,500, மனைவிக்கு அப்போது மூன்றாம் மாதம். போட்டுவிட்டேன். சொந்தக் காரணத்துக்காக விலகுகிறேன் என்று அதில் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

அக்டோபரில் பிரவுசிங் சென்டர் பையன் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஸ்டாம்ப் பேப்பரில் அஃபிடவிட் எல்லாம் அடித்து, வேலை போனவர்களுக்கு இஎஸ்ஐ பணம் தருகிற அடல் பீமித் திட்டத்துக்கு ஏபி-1 படிவம் போட்டுக் கொடுத்தான். முதல் தடவை கிளை அலுவலகத்தில் பெயர் ஒத்துப்போகவில்லை என்றார்கள். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, இஎஸ்ஐயில் இனிஷியல் முன்னால், பேங்கில் இனிஷியல் பின்னால். இரண்டாவது தடவை, நீ இன்னும் வேலையில்தான் இருப்பதாக கம்ப்யூட்டர் காட்டுகிறது என்றார்கள். மூன்றாவது தடவை கவுன்டரில் இருந்தவர் "ராஜீனாமே கொட்டித்தீரா?" (ராஜினாமா கொடுத்தீர்களா?) என்று கன்னடத்தில் கேட்டார், நானும் யோசிக்காமல் "ஹௌது சார்" (ஆமாம் சார்) என்றுவிட்டேன். அவ்வளவுதான், தாளை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டார்.

டிசம்பர் வந்துவிட்டது. இந்தப் பணம் போனது போனதுதானா? மொத்தம் எவ்வளவு வரும்? அதற்கு இவ்வளவு அலைவதில் அர்த்தம் இருக்கிறதா?

ஓசூர் எக்ஸ்பிரஸ்:

தம்பி, அதை விடுங்கள். சம்பளத்தில் கால்வாசிதான் தருவார்கள், அதுவும் வாழ்நாளில் ஒரு தடவை. அலைகிற பெட்ரோல் காசுக்கே சரியாகப் போய்விடும். கர்நாடகா அரசு வேலையில்லாதவர்களுக்கு மாதம் 3,000 தருகிறதே, யுவநிதி, அதைப் போடுங்கள். என் மச்சான் பையன் வாங்குகிறான்.

கணக்குப்பிள்ளை அக்கா:

ஓசூர் எக்ஸ்பிரஸ் சொல்வதில் ஒன்று பழைய கதை, இன்னொன்று தம்பிக்குப் பொருந்தாதது. யுவநிதி புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கானது. டிகிரிக்கு 3,000, டிப்ளமோவுக்கு 1,500, படித்து ஆறு மாதம் வேலை கிடைக்காமல் இருக்க வேண்டும், கர்நாடகாவில் படித்து இங்கேயே வாழ்ந்தவர்களாகவும் இருக்க வேண்டும். ஆறு வருடம் லேத்தும் சிஎன்சியும் ஓட்டியவருக்கு அதில் வேலையே இல்லை.

நான் பதினான்கு வருடம் ஒரு சின்ன தொழிற்சாலையில் இஎஸ்ஐ, பிஎஃப் கணக்கு பார்த்தவள், அதனால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் பணம். இந்தத் திட்டம் 2018 ஜூலையில் தொடங்கியபோது 25 சதவீதம்தான். கொரோனா வந்த 2020இல் அதை 50 ஆக்கினார்கள், மொத்தம் 90 நாளுக்கு. ஆனால் கடைசி மாதச் சம்பளத்தில் பாதி என்று நினைத்துவிடாதீர்கள். வேலை போவதற்கு முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில், அதாவது இரண்டு வருடத்தில், வாங்கிய மொத்தச் சம்பளத்தை 730ஆல் வகுப்பார்கள். உங்களுக்கு இரண்டு வருடமும் 18,000 என்று வைத்துக்கொண்டால் 4,32,000, ஒரு நாளைக்கு 591 ரூபாய் சொச்சம், அதில் பாதி 295 சொச்சம், 90 நாளுக்கு ஏறக்குறைய 26,600. நடுவில் சம்பளமில்லாத லீவு அதிகம் போட்டிருந்தால் அப்போதும் வகுப்பது 730ஆல்தான், அதனால் குறையும். 26,000 என்பது மூன்றரை மாத வாடகை, பெட்ரோல் காசு இல்லை.

அடுத்து, நீங்கள் இன்னும் வேலையில் இருப்பதாகக் காட்டுகிறதே, அது ஏன் என்று எனக்குத் தெரியும், நானே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் கம்பெனி ஆன்லைனில் ஆள்வாரியாக எத்தனை நாள் வேலை, எவ்வளவு சம்பளம் என்று ஏற்றும். பூஜ்ய நாள் என்று போட்டால் காரணம் கேட்கும், எண் போட வேண்டும். 1 என்றால் லீவில் இருக்கிறார், 2 என்றால் வேலையை விட்டுவிட்டார், 10 என்றால் ஆட்குறைப்பு. 2 அல்லது 10 போட்டால் கடைசி வேலை நாளையும் கொடுக்க வேண்டும். அவசரத்தில், அல்லது வேண்டுமென்றே, 1 போட்டுவிட்டுப் போனால் அந்த ஆள் மாதக்கணக்கில் லீவில் இருப்பதாகவே கணக்கு ஓடும். உங்கள் கம்பெனியில் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். கிளை அலுவலகத்துக்காரர் திரையில் இருப்பதைத்தான் படித்தார்.

மூன்றாவது, அந்தக் கையெழுத்து. உண்மையைச் சொல்கிறேன், கஷ்டம் அதில்தான். தானாக வேலையை விட்டவருக்கு, விருப்ப ஓய்வில் போனவருக்கு, ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கு, ஓய்வு வயது முடிந்தவருக்கு இந்தப் பணம் கிடையாது. பதினோரு பேருக்கும் ஒரே நாளில் ஒரே மாதிரி சொந்தக் காரணம் வருமா என்று நீங்களே கேளுங்கள், ஆனால் தாளில் கையெழுத்து உங்களுடையது. இந்த 26,000 மட்டுமில்லை, ஆட்குறைப்பு என்று ஒப்புக்கொண்டிருந்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டியிருக்கும். ஆறு வருடத்துக்கு நஷ்டஈடு மட்டும் தோராயமாக 54,000. அந்தத் தாளை ஏன் நீட்டினார்கள் என்று இப்போது புரிகிறதா? கிராஜுவிட்டி (பணிக்கொடை) மட்டும் தப்பித்தது, ஐந்து வருடம் முடித்தவருக்கு ராஜினாமா செய்தாலும் உண்டு. அது வந்ததா என்று பாருங்கள், "செட்டில்மென்ட்" என்று கொடுத்ததிலேயே அதைச் சேர்த்துவிட்டேன் என்பார்கள், பிரித்துக் கேளுங்கள்.

அஃபிடவிட்டுக்குக் கொடுத்த காசு வீண். ஆன்லைனில் ஆதார் நகலும் பேங்க் விவரமும் ஏற்றிப் போடுகிற கிளெய்முக்கு அஃபிடவிட் வேண்டாம் என்று 2020 நவம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். கம்பெனி வழியாகத்தான் போக வேண்டும் என்பதும் இப்போது இல்லை, நேராகக் கிளைக்குக் கொடுக்கலாம், சரிபார்ப்பது அவர்கள் வேலை.

ஸ்ரீராமபுரத்தான்:

அக்கா சொன்னது எல்லாம் சரி. பெயர் விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன், அதில் நான் பட்ட பாடு பெரிய பாடு. 2021இல் இதே பணத்துக்குப் போட்டேன். நம் ஆட்களுக்கு வீட்டுப்பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான். ஆதார் எடுக்கிற இடத்தில் "சர்நேம் என்ன" என்பான், அப்பா பெயரைச் சொல்வோம், அதைப் பின்னால் ஒட்டிவிடுவான். கம்பெனியில் சேரும்போது எச்ஆர் இனிஷியலை முன்னால் போடுவார். பேங்கில் புள்ளி வைத்து ஒரு எழுத்து. பார்த்தால் மூன்று பேர், மூன்றும் நான்தான்.

ஒரு தப்பு செய்யாதீர்கள். இஎஸ்ஐக்கு ஏற்ற மாதிரி ஆதாரை மாற்றலாம் என்று பிரவுசிங் சென்டரில் சொல்வார்கள், மாற்றாதீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும், அதை இதற்கு வீணாக்குவானேன். ஆதாரை அப்படியே வைத்துக்கொண்டு, இஎஸ்ஐ பதிவையும் பேங்க் கணக்கையும் அதற்கு ஏற்ற மாதிரி திருத்துங்கள். பேங்கில் ஒரு படிவமும் ஆதார் நகலும் கொடுத்தேன், நான்கு நாளில் முடிந்தது. இஎஸ்ஐ பக்கம் கம்பெனி திருத்திக் கொடுத்தால் சுலபம், கொடுக்காவிட்டால் கிளையிலேயே ஆதார் நகலோடு எழுதிக் கொடுங்கள். அப்பா பெயரைக் கன்னடத்தில் எழுதி மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ஒரு எச் கூடிவிடும், அதையும் எழுத்துக் கூட்டிப் பாருங்கள், எனக்கு இரண்டாவது சுற்று அலைச்சல் அந்த ஒரு எழுத்தால்தான்.

இன்னொன்று, எது கொடுத்தாலும் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். வாயால் சொன்னால் மறுநாள் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார்.

லக்கெரெவாசி:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. நேற்று இஎஸ்ஐ உதவி எண் 1800-11-2526க்குப் போன் போட்டு என் பத்து இலக்க இஎஸ்ஐ நம்பரைச் சொன்னேன். அக்கா சொன்னது அப்படியே இருக்கிறது, செப்டம்பரிலிருந்து லீவு என்றுதான் போட்டிருக்கிறார்கள்! ராஜினாமா என்றும் போடவில்லை. ஒரு சந்தேகம், பிஎஃப் எடுத்தால் இது கெடுமா? அப்புறம் மனைவிக்குப் பிரசவம் பிப்ரவரியில். வேலை போனதால் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் பார்க்கமாட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், அதைக் கேட்டதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

கணக்குப்பிள்ளை அக்கா:

பக்கத்து வீட்டை விடுங்கள், முதலில் அவரைச் சாப்பிடச் சொல்லுங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பணத்துக்கான பலன் அடுத்த ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை. நீங்கள் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை வேலை செய்திருக்கிறீர்கள், பலனுக்குத் தேவையான 78 நாளுக்கு மேலேயே வரும். ஆகவே பிப்ரவரி பிரசவம் அதற்குள் அடங்கும். உங்கள் டிஸ்பென்சரியில் இந்த வாரமே காட்டி, ராஜாஜிநகர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வலி வந்த பிறகு கார்டைத் தேட வேண்டாம்.

பிஎஃப் தனி, இது தனி, ஒன்றை எடுத்தால் இன்னொன்று கெடாது. ஆனால் பென்ஷன் பகுதியைத் தொடாதீர்கள். மாதப் பென்ஷனுக்குப் பத்து வருடம் வேண்டும், உங்களுக்கு ஆறு ஆகிவிட்டது, அடுத்த வேலையில் இதே யூஏஎன்னை (உங்கள் பிஎஃப் எண்ணை) கொடுத்தால் அது தொடரும்.

இப்போது முக்கியமானது. லீவு என்று போட்டது ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று. ராஜினாமா என்று இன்னும் ஏறவில்லை, அதனால் ஏறும்போது என்ன ஏறுகிறது என்பதில் சண்டை போட இடம் இருக்கிறது. "எனக்குக் கடைசி வேலை நாள் போட்டுக்கொடுங்கள்" என்று தனியாகப் போய் நிற்காதீர்கள், நிம்மதியாக 2 என்று போட்டு அனுப்பிவிடுவார்கள். பதினோரு பேரில் கிடைக்கிறவர்களைச் சேர்த்துக்கொண்டு, ஆர்டர் இல்லாமல் நிறுத்தினீர்கள், 10 என்று போட்டு ஆகஸ்ட் 31 என்று ஏற்றுங்கள் என எழுத்தில் கொடுங்கள், ரிஜிஸ்டர் தபாலிலும் அனுப்புங்கள். மறுத்தால் பன்னேர்கட்டா ரோட்டில் கார்மிக பவன் இருக்கிறது, தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். அந்தப் புகாரின் நகலையே கிளை அலுவலகத்தில் வையுங்கள். பலிக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன், கையெழுத்து கையெழுத்துதான், ஆனால் பதினோரு ஒரே மாதிரி கடிதங்கள் ஒரே தேதியில் என்றால் படிக்கிறவருக்கே சந்தேகம் வரும். வேலை போன நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கிளெய்ம் போக வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

ஓசூர் எக்ஸ்பிரஸ்:

நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். தம்பி, வேலைக்கு ஜனவரியில் ஓசூரில் ஒரு இடம் இருக்கிறது, சேர்ந்துவிட்டால் இந்தப் பணம் போய்விடுமா அக்கா?

கணக்குப்பிள்ளை அக்கா:

எந்த நாட்களுக்குக் கேட்கிறாரோ அந்த நாட்களில் வேலையில்லாமல் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சேரப்போகிற நாளுக்கு அப்புறம் கேட்டால்தான் தப்பு. வேலை கிடைத்தால் விடாதீர்கள், இதற்காக யாராவது வீட்டில் உட்கார்ந்திருப்பார்களா.

லக்கெரெவாசி:

ஐந்து பேர் கிடைத்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை ஜாலஹள்ளி கிராஸில் டீக்கடையில் உட்கார்ந்து எழுதப்போகிறோம். ஒருத்தன் போனில் ஆகஸ்ட் 30ஆம் தேதி சூப்பர்வைசர் குரூப்பில் போட்ட மெசேஜ் இன்னும் இருக்கிறது: "ஆர்டர் இல்லை, நாளை இந்தப் பதினோரு பேரும் ஆபீஸுக்கு வரவும்", கீழே எல்லோர் பெயரும். அது உதவுமா?

ஸ்ரீராமபுரத்தான்:

உதவுமாவா! உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து மூன்று பேர் போனில் போட்டு வையுங்கள், தேதியும் சூப்பர்வைசர் நம்பரும் தெரிகிற மாதிரி பிரிண்ட் எடுங்கள். அந்தப் போனை ஞாயிறு வரை யாரும் ஃபார்மட் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.